டீக்கடை ஃப்ரான்சைஸ்: 12 மாதத்தில் போட்ட காசு திரும்புமா?

சிங்காநல்லூரான் – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் ஒரு டீக்கடை பிராண்டின் ஃப்ரான்சைஸ் (அவர்கள் பெயரில் நாம் கடை நடத்தும் உரிமை) எடுக்கலாமா என்று யோசனை. பெயர் வேண்டாம், எண்களை மட்டும் தருகிறேன்.

கம்பெனி கொடுத்த கையேட்டில் மொத்த முதலீடு 14.3 லட்சம். ஃப்ரான்சைஸ் கட்டணம் 4 லட்சம், இன்டீரியர் 6.5 லட்சம், பாய்லர், ஃப்ரிட்ஜ், பில்லிங் மெஷின் எல்லாம் சேர்த்து 3.2 லட்சம், முதல் சரக்கு 60,000. ஒப்பந்தம் 5 வருடம். விற்பனையில் ராயல்டி (பெயருக்காகக் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டும் பங்கு) 5 சதவீதம், விளம்பரத்துக்கு 1 சதவீதம். டீத்தூள், மசாலா, கப், ஃப்ரோசன் சமோசா எல்லாம் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். நாள் விற்பனை 12,000, சரக்குச் செலவு 40 சதவீதம், மற்ற செலவு 90,000, ஆக மாத லாபம் 1.26 லட்சம், 12 மாதத்துக்குள் முதல் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள்.

பார்த்து வைத்த இடம் சரவணம்பட்டியில். வாடகை 35,000, ஆறு மாத அட்வான்ஸ். கையில் 10 லட்சம் இருக்கிறது. 8 லட்சம் பேங்க் லோன், 11 சதவீதம், 5 வருடம். இப்போதைய சம்பளம் 55,000. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கடையில் இருக்கத் தயார். இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை?

---

கணக்குப்பிள்ளை

முதலீட்டிலேயே ஓட்டை இருக்கிறது சார். கையேட்டுத் தொகையில் ஜிஎஸ்டி சேரவில்லை. ஃப்ரான்சைஸ் கட்டணத்துக்கு 18 சதவீதம், 72,000. இன்டீரியருக்கு 18 சதவீதம், 1.17 லட்சம். டீக்கடை 5 சதவீத ரெஸ்டாரண்ட் வரியில் வருவதால் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கவே முடியாது. உள்ளீட்டு வரிக் கிரெடிட் கிடையாது. "ஜிஎஸ்டி தானே, கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

மிஷின் விலையில் வரி சேர்ந்திருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். 4.72 + 7.67 + 3.20 + 0.60, அதோடு அட்வான்ஸ் 2.10. கூட்டினால் 18.29 லட்சம். உங்களிடம் இருப்பதும் லோனும் சேர்ந்து 18. ஈபி டெபாசிட், லைசென்ஸ், வாடகைப் பத்திரச் செலவு என்று 50,000, முதல் ஆறு மாத நஷ்டத்தைத் தாங்க 3 லட்சம் என்று வைத்தால் தேவை கிட்டத்தட்ட 21.8 லட்சம். கடை திறக்கும் அன்றைக்கே கை காலி என்பதுதான் இப்போதைய நிலை.

இனி மாதக் கணக்கு. அவர்கள் சொன்ன 12,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம், குறைக்க வேண்டாம். மாதம் 3.6 லட்சம். 15 ரூபாய் டீ என்று போர்டில் எழுதினால் வரி அதற்குள்தான் அடக்கம், 1.05-ஆல் வகுத்தால் உண்மையான விற்பனை 3,42,857. சரக்கு 40 சதவீதம் என்பது பால் திரியாத, சமோசா மிஞ்சாத ஊரில் நடக்கும். 45 போடுங்கள்: 1,54,286. ராயல்டியும் விளம்பரமும் 6 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: 24,274. மற்ற செலவு 90,000-இல் இந்த ராயல்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

வாடகை 35,000 இல்லை, 41,300. கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாவிட்டாலும், பதிவு உள்ள வாடகைதாரர் 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் தானே கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல் இந்த விதி. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் அதற்கு வேறு கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எது தோது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஆள் செலவு: காலை 7 முதல் இரவு 10 வரை திறந்தால் இரண்டு டீ மாஸ்டர் (24,000, 22,000), இரண்டு உதவியாளர் (தலா 15,000), தங்கும் இடமும் சாப்பாடும் 10,000. மொத்தம் 86,000. வணிக மின்சாரம் 12,000, கேஸ் 9,500, மென்பொருள், தண்ணீர், நெட், சில்லறைச் செலவு 6,500.

எல்லாம் போக நிற்பது 8,997 ரூபாய். இஎம்ஐ 17,394. அவர்கள் சொன்ன விற்பனை அப்படியே நடந்தாலும் மாதம் 8,400 கையிலிருந்து போகும், உங்கள் சம்பளம் பூஜ்யம்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். வசூலாகும் ஒவ்வொரு ரூபாயிலும் சரக்கும் ராயல்டியும் வரியும் போக 45.6 காசு மிஞ்சும். நிலையான செலவு 1,55,300. அதை ஈடுகட்டவே நாளைக்கு 11,340 விற்க வேண்டும். இஎம்ஐ சேர்த்தால் 12,600. நீங்கள் விடப்போகும் 55,000 சம்பளத்தையும் சேர்த்தால் 16,600. சராசரி பில் 32 ரூபாய் என்றால் நாளைக்கு 520 பில். டீக்கடையில் காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம்தான் கூட்டம். அறுபது சதவீதம் அந்த நேரத்தில் வந்தால் மணிக்கு 52 பில், அதாவது 69 வினாடிக்கு ஒன்று. அந்தக் கவுண்டரில் அது நடக்குமா என்பதைத்தான் நீங்கள் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று. மூடினால் என்ன ஆகும்? கட்டணம் 4.72, இன்டீரியர் 7.67, மிஷினில் அறுபது சதவீதம் 1.92 லட்சம் போய்விடும். கூட்டினால் 14.31 லட்சம். கையேட்டில் முதலீடு என்று போட்ட தொகையும் கிட்டத்தட்ட இதேதான். லோன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

---

பாய்லர்

மேலே சொன்னது சரிங்க. ராயல்டியும் விளம்பரமும் சேர்த்து 6 சதவீதம்னு எழுதியிருக்கு, ஆனா உண்மையில அது இன்னும் அதிகம். எங்கே ஒளிஞ்சிருக்குன்னா கப்புலயும் தூள்லயும்.

ஒரு டீக்கு 3 கிராம் தூள், 60 மில்லி பால், 8 கிராம் சர்க்கரை. நாளைக்கு 400 கப் போட்டா மாசம் 36 கிலோ தூள். வெளி மார்க்கெட்ல அதே தரத்துக்குக் கிலோவுக்கு 200 ரூபாய் குறைச்சலா கிடைக்குதுன்னா மாசம் 7,200 அவங்களுக்குப் போகுது. லோகோ போட்ட கப் 1.40, சாதா பேப்பர் கப் 70 காசுன்னா வித்தியாசம் மாசம் 8,400. ரெண்டும் சேர்த்து 15,600. நிகர விற்பனையில 4.5 சதவீதம். "எங்களுக்கு ராயல்டியே கிடையாது"ன்னு விளம்பரம் பண்றவங்க பெரும்பாலும் இப்படித்தான் எடுப்பாங்க. அதனால சரக்கு விலைப்பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உக்கடம் பக்கம் மொத்தக் கடை விலையை எழுதிப் பாருங்க. அந்த வித்தியாசத்தையும் ராயல்டியாத்தான் பார்க்கணும்.

கப், தூள் கணக்கு இன்னொரு விதத்துலயும் உதவும். ஏற்கெனவே ஃப்ரான்சைஸ் எடுத்தவரிடம் "நாளைக்கு எவ்வளவு விக்குதுங்க"ன்னு கேட்டா சரியான பதில் வராது. "மாசம் எத்தனை கிலோ தூள் எடுக்கறீங்க"ன்னு கேளுங்க. 18 கிலோன்னு சொன்னா அந்தக் கடை 200 டீதான் போடுது. தூள் பொய் சொல்லாது.

அடுத்தது பில் நம்பர். கடை திறந்ததும் ஒரு டீ, மூடும்போது ஒரு டீ வாங்கி ரெண்டு பில்லையும் கழிச்சுப் பாருங்க. ஒரு செவ்வாய், ஒரு சனி, ஒரு மழை நாள்னு மூணு தடவை. கம்பெனி காட்டற கடையில மட்டும் இல்லீங்க, அவங்க காட்டாத நாலு கடையில. பில் கொடுக்காமலே வித்தா அது வேற பிரச்சினை. பில்லுக்குத்தான் ராயல்டி, அதனால சிலர் பில்லே போட மாட்டாங்க. அப்போ கவுண்டருக்கு எதிரே உக்காந்து ஆளை எண்ணுங்க.

சரவணம்பட்டி இடத்தைப் பத்தி: ஐடி பார்க் பக்கம்னா மாசம் 30 நாள் கணக்கு செல்லாது. சனி, ஞாயிறு படுத்துரும். வீட்டுல இருந்து வேலை பார்க்கற நாள் வேற. 22 நாள்தான் வியாபாரம்னா, 16,600 சராசரி வர அந்த 22 நாள்ல 22,600 விக்கணும். மீதி நாள்ல சுத்தமா ஒண்ணுமில்லைன்னு வெச்ச கணக்கு இது. கல்லூரி பக்கம்னா மே மாசத்தையும் பரீட்சை லீவையும் கழிச்சுக்குங்க. குடியிருப்பும் ஆபீசும் கலந்த இடம், வண்டி நிறுத்த இடம், சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பற பக்கம், இந்த மூணும் இருந்தா பேரே இல்லாத கடையும் ஓடும். இல்லைன்னா பிராண்டு காப்பாத்தாதுங்க.

நீங்களே டீ ஆத்தப் பழகிட்டா ஒரு மாஸ்டர் சம்பளம் மிச்சம். அதைவிட முக்கியம், மாஸ்டர் லீவு போட்ட அன்னைக்குக் கடை மூடாது. இந்தத் தொழில்ல வர்ற நஷ்டத்துல பாதி அங்கேதான்.

---

பத்திரம்

நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டமும் 1999 வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டமும்தான் அடிப்படை. அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கை மாறியது என்று வருடவாரியாக அதில் இருக்கும். இங்கே கேட்டால்தான் கிடைக்கும். அதனால் மின்னஞ்சலில் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் மூடிய கடைகள், வேறொருவருக்கு விற்கப்பட்ட கடைகள், அவர்களின் தொடர்பு. "பிசினஸ் ரகசியம்" என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். மூடியவர்களில் இருவரிடமாவது பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால் எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் சொற்பக் கட்டணம் கட்டி அதன் இருப்புநிலைக் குறிப்பைப் பார்க்கலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி ஒருமுறைக் கட்டணமாக இருந்தால் அவர்கள் விற்பது டீ அல்ல, கடைகளை. புதுக் கடை விற்பது நின்றால் ஆதரவும் நிற்கும். தனிநபர் நிறுவனம் என்றால் இந்த ஆவணமெல்லாம் வெளியில் கிடைக்காது. வருமான வரிக் கணக்கைக் கேட்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் போட்டால் பதிவான தேதியும், ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்பதும் தெரியும். ஃப்ரான்சைஸ் கடைகளின் பில்லில் உள்ள எண்ணையும் அப்படிப் போட்டுப் பாருங்கள். ரத்தான பதிவுகள் கண்ணில் பட்டால் அந்தக் கடைகளின் கதையை விசாரியுங்கள்.

வணிகக் குறி: பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். பதிவு ஆகியிருக்கிறதா என்று பதிவகத் தளத்தில் 43-ஆம் வகுப்பில் தேடுங்கள். உணவகச் சேவை அதில்தான் வரும், டீத்தூளுக்கு 30. நிலை ஆட்சேபம் என்றோ எதிர்ப்பு என்றோ இருந்தால், நான்கு லட்சம் கொடுத்து வாங்கும் பெயர் நாளை மாறலாம்.

ஒப்பந்தத்தில் எல்லாரும் ராயல்டியைப் பார்ப்பார்கள். வழக்காகும் இடங்கள் வேறு. எல்லைப் பாதுகாப்பு 1 கிலோமீட்டர் என்றால் அது சாலை வழியா, வான்வழித் தூரமா? அதே பெயரில் வண்டிக்கடை, கிளவுட் கிச்சன் (டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் இடம்) வந்தால் சேருமா? கட்டாயச் சரக்கின் விலையை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம்? உச்சவரம்பு எழுதாவிட்டால் மற்ற எண்களுக்கு அர்த்தமில்லை. சரக்கு மூன்று நாள் வராவிட்டால் வெளியில் வாங்க அனுமதி உண்டா? கடையை விற்கும்போது மாற்றுக் கட்டணம் எவ்வளவு? வாடகைப் பத்திரத்தின் காலமும் ஃப்ரான்சைஸ் காலமும் ஒத்துப்போகிறதா? 5 வருட ஒப்பந்தத்துக்கு 11 மாத வாடகைப் பத்திரம் வைத்துக்கொண்டு 6.5 லட்சத்துக்கு இன்டீரியர் செய்வது உரிமையாளரின் கட்டடத்தை உங்கள் செலவில் அழகுபடுத்துவதுதான். பூட்டுக்காலம் (இடையில் வாடகை ஒப்பந்தத்தை முறிக்க முடியாத லாக்-இன் காலம்) உங்களைக் கட்டுவது போல உரிமையாளரையும் கட்ட வேண்டும்.

போட்டித் தடை: ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் வேறு பிராண்டு நடத்தக்கூடாது என்பது செல்லும். 1995-இல் குஜராத் பாட்லிங், கோக கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் டீக்கடையே வைக்கக்கூடாது என்ற விதி ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அடிபடும். ஆனால் நடுவர் மன்றம் (தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் ஆர்பிட்ரேஷன்) டெல்லியில் என்று எழுதியிருந்தால் அந்த உரிமையை நிலைநாட்ட நீங்கள் டெல்லி போக வேண்டும். கோவை என்று மாற்றச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமம் உங்கள் கடை முகவரிக்குத் தனியாக வேண்டும். கம்பெனியின் உரிமம் உங்களைக் காக்காது.

---

சிங்காநல்லூரான்

எல்லாருக்கும் நன்றி. 16,600 என்ற எண்ணைப் பார்த்ததும் தலை சுற்றியது. கம்பெனியில் போன் செய்து கேட்டேன். ஃபோகோ என்று ஒரு முறை இருக்கிறதாம், முதல் நம்முடையது, நடத்துவது கம்பெனி. "அப்படியானால் ஃபோகோ எடுங்கள், 8 லட்சம் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம், விற்பனை எப்படி இருந்தாலும் மாதம் 25,000 உங்கள் கணக்குக்கு வரும்" என்கிறார்கள். வேலையையும் விட வேண்டாம். இது பரவாயில்லையா? வெள்ளிக்குள் 50,000 டோக்கன் கட்டினால் இடத்தைப் பிடித்து வைப்பார்களாம்.

---

கணக்குப்பிள்ளை

8 லட்சத்துக்கு மாதம் 25,000 என்றால் வருடத்துக்கு 37.5 சதவீதம். வங்கியில் 11 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும்போது 37.5 சதவீதத்துக்கு உங்களிடம் ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு கேள்வி போதும். மேலே போட்ட கணக்கில் 12,000 விற்கும் கடையின் லாபம் 9,000. அதிலிருந்து 25,000 எப்படி வரும்? அடுத்தவர் கட்டும் 8 லட்சத்திலிருந்துதான். 32 மாதம் ஒழுங்காக வந்தால்தான் உங்கள் முதலே திரும்பும்.

விற்பனைக்குச் சம்பந்தமில்லாமல் நிலையான தொகை தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது வியாபாரமா, வைப்புத்தொகையா என்ற கேள்வி வரும். 2019-இன் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. ஒழுங்கான ஃபோகோவில் கடையின் தினசரி விற்பனை உங்கள் போனிலேயே தெரியும், பங்கு லாபத்தில்தான் வரும், நஷ்ட மாதத்தில் ஒன்றும் வராது. "நிச்சயம்" என்ற சொல் இருக்கும் இடத்தில் தள்ளி நிற்பது நல்லது.

---

பாய்லர்

ஃப்ரான்சைஸே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேங்க. ஆளுக்கு ஆள் ருசி மாறாம செய்யக் கஷ்டமான பொருள், வெளியில கிடைக்காத சரக்கு, பேரைப் பார்த்தே தேடி வர்ற கூட்டம், இதுல ஒண்ணு இருந்தா கட்டணம் கொடுக்கறதுல அர்த்தம் இருக்கு. டீயில மூணும் கொஞ்சம் கம்மி. நடந்து போறவர் நாக்கு இழுக்கற இடத்துல நிப்பார், அவ்வளவுதான். அதே இடத்துல சொந்தப் பேர்ல போட்டா கட்டணம் 4.72 லட்சம் இல்லை, இன்டீரியரைப் பாதியில முடிக்கலாம், மாசம் ராயல்டி 24,000 இல்லை, கப்பு தூள் வித்தியாசம் 15,600 இல்லை. சேர்த்து மாசம் கிட்டத்தட்ட 40,000. அவ்வளவு கூடுதல் லாபத்தை அந்தப் பேர் கொண்டு வந்து தருமான்னு கேளுங்க. அதுக்கு நாளைக்கு 2,900 ரூபாய்க்கு மேல, அதாவது 90 பில் கூடுதலா விக்கணும். பேர் பலகையை மட்டும் பார்த்து 90 பேர் உள்ளே வருவாங்கன்னு அந்த ரோட்டுல நின்னு பார்த்தபிறகும் தோணுச்சுன்னா எடுங்க.

---

பத்திரம்

டோக்கன் பற்றி. வெள்ளிக்கிழமைக் கெடு வியாபாரத் தந்திரம், பதறாதீர்கள். ஒப்பந்த வரைவு கையில் வராமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பெரும்பாலும் டோக்கன் ரசீதின் பின்புறத்தில் "திருப்பித் தரப்படாது" என்று சிறிய எழுத்தில் இருக்கும். கட்டியே ஆக வேண்டும் என்றால் தனிக் கடிதத்தில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: 30 நாளில் இடத்தை எழுத்து மூலம் அங்கீகரிக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்பும், ஒப்பந்த வரைவில் உடன்பாடு இல்லாவிட்டாலும் திரும்பும், லோன் மறுக்கப்பட்டாலும் திரும்பும். பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும், பிரதிநிதியின் யுபிஐ எண்ணுக்கு வேண்டாம். அந்த மூன்று வரியில் கையெழுத்துப் போட மறுத்தால் உங்கள் 50,000 மிச்சம்.